நர்சரிக்குப் போகும் முன்: வீட்டுத் தோட்டத்துக்கு மரம், வாசச்செடி, தொட்டி தேர்ந்தெடுக்கும் முறை

புதிதாக வீடு கட்டிக் குடியேறியவர்கள் தோட்டம் போடத் தொடங்கும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நர்சரிக்குப் போய், அன்று எது பூத்துக் குலுங்குகிறதோ அதில் ஆறேழு செடிகளையும், கண்ணுக்குப் பிடித்த நான்கு தொட்டிகளையும் காரின் பின்பக்கத்தில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். வந்து இறக்கிய பிறகுதான் எதை எங்கே வைப்பது என்ற பேச்சே எழும். அக்கினி நட்சத்திரம் முடியும்போது அவற்றில் இரண்டு உயிரோடு இருந்தால் அதிகம். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பாதிச் செலவும் முக்கால்வாசி ஏமாற்றமும் மிச்சமாகும். முதலில் இடத்தையும், பிறகு மண்ணையும் தண்ணீரையும் பார்த்து, அதற்குப் பின் மரத்தையும் செடிகளையும் தொட்டிகளையும் முடிவு செய்து, கையில் சீட்டோடு நர்சரிக்குப் போக வேண்டும். இங்கே சொல்வதெல்லாம் சென்னைக்கும் அதை ஒட்டிய கடலோரச் சமவெளிக்கும் உரியவை. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்களுக்கு இந்தப் பட்டியல் பொருந்தாது.

இடத்தைத் தாளில் வரையுங்கள்

ஒரு வெள்ளைத் தாளில் மனையின் எல்லையை வரைந்து, வீடு, காம்பவுண்டு சுவர், சம்ப், செப்டிக் டேங்க், போர்வெல், கழிவுநீர்க் குழாய் செல்லும் வழி, மேலே போகும் மின்கம்பி ஆகிய எல்லாவற்றையும் அதில் குறியுங்கள். நாற்பதுக்கு அறுபது என்று அமைந்த ஒரு கிரவுண்டு மனையில் வீடும் கார் நிறுத்தும் இடமும் போக, பக்கவாட்டில் ஐந்தடிச் சந்தும் முன்னால் சிறு முற்றமும் மிஞ்சும். அந்த ஐந்தடிச் சந்தில் எந்த மரமும் வைக்கக் கூடாது. அது கொடிக்கும் புதர்ச்செடிக்கும் உரிய இடம். சிறிய மரமானாலும் சுவரிலிருந்து ஆறடியும், சம்ப், செப்டிக் டேங்கிலிருந்து பத்தடியும் தள்ளி வைப்பது நான் கடைப்பிடிக்கும் கணக்கு. வேருக்கு ஈரம் இருக்கும் திசை நன்றாகவே தெரியும். குழாய் இணைப்பில் ஒரு கசிவு இருந்தால் போதும், அதன் வழியே உள்ளே நுழைந்துவிடும்.

அடுத்து வெயில். காலை எட்டு மணிக்கும், நண்பகலிலும், மாலை நான்கு மணிக்கும் முற்றத்தில் நின்று, எங்கே வெயில் விழுகிறது என்று அதே தாளில் மூன்று நிறப் பென்சில்களால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நாள் பார்த்துவிட்டு முடிவு செய்துவிடவும் கூடாது. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவெயில் தலைக்குச் சற்று வடக்கே சாய்ந்திருக்கும். கார்த்திகை, மார்கழியில் நன்றாகத் தெற்கே போய்விடும். அதனால் மே மாதத்தில் வெயில் காய்கிற வீட்டின் வடபுறம், டிசம்பரில் நாள் முழுவதும் நிழலில் கிடக்கும். இதை அறியாமல் வடபுறச் சுவரோரம் ரோஜா வைத்துவிட்டு, மழைக்காலம் முழுவதும் இலையில் கரும்புள்ளி விழுவதைப் பார்த்துக் கவலைப்பட்டவர்கள் பலர்.

மண்ணையும் தண்ணீரையும் சோதியுங்கள்

ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, அது நிறையத் தண்ணீர் ஊற்றி வடிய விடுங்கள். வடிந்ததும் மறுபடி ஊற்றி, இரண்டாவது முறை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கத்து மணலில் சில நிமிடங்களில் காணாமல் போய்விடும். அங்கே எருவும் இலைமக்கும் நிறையக் கலக்க வேண்டும். இரவு ஊற்றிய தண்ணீர் காலையிலும் தேங்கி நின்றால் அது களிமண். அங்கே குழியை ஆழமாக்குவதைவிட, ஒரு முழம் உயரத்துக்கு மேடு கட்டி அதன்மேல் நடுவது நல்லது. கட்டுமானம் முடிந்த மனைகளில் இன்னொரு தொல்லை உண்டு. மேலே நாலு அங்குலம் செம்மண் பரப்பியிருப்பார்கள். அதற்குக் கீழே சிமெண்டுக் கட்டி, உடைந்த டைல்ஸ், ஜல்லி என்று கட்டடக் குப்பை முழுவதும் புதைந்திருக்கும். மரம் வைக்கும் இடத்தில் மட்டுமாவது இதை வெட்டி அள்ளி வெளியேற்றாமல் நடக் கூடாது.

போர்வெல் தண்ணீர் வாளியின் உட்புறத்தில் வெள்ளைப் படிவு விடுகிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் அது சுண்ணாம்பும் உப்பும் மிகுந்த தண்ணீர். கார்டீனியா, இட்லிப்பூ போன்ற புளிப்புத்தன்மை உள்ள மண்ணை விரும்பும் செடிகளின் இலைகள் அந்தத் தண்ணீரில் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் மஞ்சளாக வெளுத்துவிடும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாமல் போவதே காரணம். மழைநீர் சேமித்து ஊற்ற வசதி இல்லாதவர்கள் கார்டீனியாவை ஆசைப்படாமல் விடுவதே மேல்.

ஒரு மரம் போதும்

அரைக் கிரவுண்டு, ஒரு கிரவுண்டு மனைகளுக்கு ஒரே ஒரு மரம் போதும் என்பது என் உறுதியான கருத்து. அந்த ஒன்று எது என்று கேட்டால் தயங்காமல் பவழமல்லியைச் சொல்வேன். பத்து, பன்னிரண்டு அடிக்குள் வெட்டி அடக்கி வைக்கலாம். வேர் சுவரை மிரட்டாது. களிமண் தவிர எந்த மண்ணிலும் பிழைக்கும். இருட்டிய பிறகு மலர்ந்து, விடியும் முன்னரே காம்போடு உதிரத் தொடங்கும். நடும்போது பலரும் மறந்துவிடும் செய்தி ஒன்று இருக்கிறது: பூ முழுவதும் தரையில்தான் கிடைக்கும். எனவே மரத்தடியில் ஒரு பழைய வேட்டியை விரிக்கும் அளவுக்குச் சமமான இடம் வேண்டும். எங்கள் வீட்டில் ஆவணி தொடங்கினால் இரவு படுக்கும் முன் வேட்டியை விரித்துவிடுவோம். காலையில் நான்கு முனைகளையும் சேர்த்துத் தூக்கினால், ஆரஞ்சுக் காம்பும் வெள்ளை இதழுமாக ஒரு படிப் பூ, மண் ஒட்டாமல் வந்துவிடும். இதையே கார் நிற்கும் இடத்தின் மேல் வைத்தால் தினமும் காலையில் காரைக் கழுவுவதுதான் வேலையாக இருக்கும். கோடையில் இலை கொட்டி மொட்டையாக நிற்பதைக் கண்டு பட்டுப்போய்விட்டது என்று வெட்டிவிட வேண்டாம். அது அதன் இயல்பு.

மகிழம் வளர நேரம் எடுக்கும். ஆனால் ஆண்டு முழுவதும் பச்சைக்குடை பிடித்தது போல நிற்கும், பூ காய்ந்த பிறகும் வாசம் போகாது. பின்னாளில் பெரிய மரமாகும் என்பதால் பதினைந்து அடி திறந்தவெளி உள்ளவர்களுக்கே ஏற்றது. செண்பகத்தில் ஒட்டுச்செடியா, விதையில் முளைத்ததா என்று கேட்டு வாங்க வேண்டும். நான் முதலில் வாங்கியது விதைக்கன்று. கேட்டுக்கொள்ளவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஒன்பதாவது ஆண்டில்தான் முதல் பூ கண்ணில் பட்டது, அதுவும் மொட்டை மாடிக்கு ஏறிப் போய்ப் பார்க்கும் உயரத்தில். ஒட்டுக்கன்று இரண்டு மூன்று ஆண்டுகளில், கைக்கு எட்டும் உயரத்திலேயே பூக்கும். சரக்கொன்றைக்கு வாசத்தைவிட அழகே பெரிது. சித்திரையில் பொன்னாக இறங்கும் சரங்களுக்காக வைக்கலாம், தெருவோரம் பொருத்தமான இடம். குறைந்த இடம், குறைந்த தண்ணீர், வெட்டவெளி வெயில் என்றால் ஈழத்தலரி. கோயில் முற்றங்களில் பார்த்திருப்பீர்கள். ஒரு முழக் கிளையை வெட்டி, பால் வடிவது நிற்கும்வரை ஒரு வாரம் நிழலில் உலர்த்தி நட்டால் வேர் பிடித்துவிடும். கடற்கரைக்குப் பக்கத்தில் உப்புக்காற்று அடிக்கும் மனைகளில் புன்னை நன்றாக நிற்கும், ஆனால் அதற்கும் அகலமான இடம் தேவை.

விலக்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். குல்மோகர் என்றும் சொல்லும் மயில்கொன்றை மரம் பூக்கும்போது கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் அதன் வேர் மேலோட்டமாகப் படரும், கிளை எளிதில் முறியும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்த மறுநாள் தெருக்களில் சாய்ந்து கிடந்தவற்றில் மயில்கொன்றையும் இயல்வாகையும் ஏராளம். மரமல்லி நெடுநெடுவென்று வளர்ந்து காற்றில் ஒடியும், வேரிலிருந்து கன்றுகளும் கிளம்பும். இதைப் பலர் பன்னீர்ப்பூ என்றும் சொல்வதால், கடற்கரையில் இயல்பாக வளரும் உண்மையான பன்னீர் மரத்தைக் கேட்டவர்களுக்கு இது வந்து சேர்வதுண்டு. ஏழிலைப்பாலையின் இரவு வாசம் நெடியாகவே மாறிவிடும். அது சாலைக்கும் பூங்காவுக்கும் உரிய பெரிய மரம். மதில் மறைவதற்காக விரைவில் வளரும் என்று கோனோகார்பஸை விற்பார்கள்; 2023இல் குஜராத் அரசு அதை நடுவதற்கே தடை விதித்தது. அதன் வேர் குழாய்களையும் கேபிள்களையும் கெடுப்பது ஒரு காரணம், மகரந்தத்தால் வரும் ஒவ்வாமை இன்னொரு காரணம்.

வாசச்செடிகளை நேரம் பார்த்து வையுங்கள்

வாசத்துக்கு நேரமும் இடமும் உண்டு. மாலையில் திண்ணையில் உட்காரும் வழக்கம் உள்ள வீட்டுக்கு, அந்தி நேரத்தில் மொட்டவிழும் மல்லிகை வகைகள் பொருத்தம். குண்டுமல்லி புதராக நிற்கும், ஐந்தாறு மணி நேர நேர்வெயில் கட்டாயம் வேண்டும். நிழலில் இலை செழிக்குமே தவிர மொட்டு வராது. முல்லையும் ஜாதிமல்லியும் படர்வதற்கு ஒரு கம்பிவலையோ பந்தலோ கேட்கும். ஜாதிமல்லியைத் தென்மாவட்டங்களில் பிச்சி என்பார்கள். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன்பின் எந்த நர்சரியில் கேட்டாலும் குண்டுமல்லிக் கன்றை ‘ஒரிஜினல் மதுரை மல்லி’ என்றே தருகிறார்கள். மதுரைப் பக்கத்து விவசாயிகளே கன்றுகளுக்கு ராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடத்தைத்தான் நாடுகிறார்கள். அந்தக் குறியீடு விளையும் மண்ணுக்கு உரியது, உங்கள் கையில் இருக்கும் கன்றுக்கு அன்று. ஆகவே பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

இரவு ராணியைப் படுக்கையறை ஜன்னலுக்கு அடியில் வைக்காதீர்கள். பத்தடி தள்ளி நின்றால் இனிமையாக இருக்கும் அந்த வாசம், மூடிய அறைக்குள் புகுந்தால் சிலருக்குத் தலைவலியைத் தரும். மனோரஞ்சிதம் இதற்கு நேர்மாறு. பழுத்த பழத்தின் மணத்தை மெல்ல விடும், பூவோ இலைநிறத்தில் ஒளிந்திருக்கும், தேடிக் கண்டுபிடிப்பதிலேயே குழந்தைகளுக்குப் பொழுது போகும். பாதிக் கொடி, பாதிப் புதர் என்பதால் அதற்கு வலுவான பந்தல் வேண்டும். மனோரஞ்சித வாசத்துக்குப் பாம்பு வரும் என்று பெரியவர்கள் தடுப்பார்கள். பாம்பு வருவது எலிக்கும் தவளைக்கும், ஒளிந்துகொள்ள அடர்ந்த புதருக்கும்தான். அடிப்புறத்தைக் கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டி, தரை தெரியும்படி வைத்திருந்தால் போதும். வேலியோரத்துக்குக் காமினி என்ற பெயரில் கிடைக்கும் செடியும் மருதாணியும் நல்லவை. மருதாணியை இலைக்காகவே வைப்பவர்கள், அதை வெட்டாமல் விட்டால் வரும் பூவின் வாசத்தை அறிவதே இல்லை. ரோஜாவில் வாசம் வேண்டுமானால் பன்னீர் ரோஜாவைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். தொட்டியில் பெரிதாகப் பூத்துக் கடையில் நிற்கும் ஒட்டு ரோஜாக்கள் பலவற்றில் முகர்ந்தால் ஒன்றும் இருக்காது.

சிறு குழந்தைகளும் மாடு, நாய்களும் நடமாடும் வீட்டில் அரளி வேண்டாம். செவ்வரளியில் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. மஞ்சள் அரளியின் கொட்டை அதைவிடக் கொடியது. 2024 மே மாதம், ஓர் இளம்பெண்ணின் இறப்புக்கு அரளி காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தபோது, கேரளத்தின் திருவிதாங்கூர், மலபார் தேவசம் போர்டுகள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதை நிறுத்தின. பூஜைக்கு வெள்ளைப்பூ வேண்டுமானால் நந்தியாவட்டை இருக்கிறது. அரை நிழலிலும் ஆண்டு முழுவதும் பூக்கும்.

நர்சரியில் எதைப் பார்ப்பது

இப்போது சீட்டோடு போகலாம். சென்னை நர்சரிகளுக்கு வரும் அலங்காரச் செடிகளில் பெரும்பங்கு ஆந்திரத்தின் கிழக்கு கோதாவரிப் பகுதியில் உள்ள கடியத்திலிருந்து லாரியில் வருபவை. வந்து இறங்கி இரண்டு மூன்று வாரம் ஆன செடியாகப் பார்த்து வாங்குங்கள். பயணக் களைப்பில் இலை கொட்ட வேண்டியது அங்கேயே கொட்டி, புதுத் துளிர் விட்டிருக்கும். பூ நிறைந்த செடியைவிட, மொட்டும் துளிரும் உள்ள, அடியிலிருந்தே மூன்று நான்கு கிளை பிரிந்த குட்டைச் செடி மேல். இலையின் மேற்புறம் பளபளப்பாக இருக்கும், அதை நம்பாமல் அடிப்புறத்தைத் திருப்பி மாவுப்பூச்சி, செதில்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும்விட வேரைப் பாருங்கள். கடைக்காரரிடம் கேட்டு, பையைச் சாய்த்துப் பிடித்து, அடியில் தட்டினால் மண் உருண்டை இரண்டு அங்குலமாவது வழுக்கி வெளியே வரும். வெள்ளை நுனிகள் மண்ணைப் பற்றிக்கொண்டிருந்தால் நல்ல கன்று. பழுப்புக் கயிறு சுற்றியது போல வேர் வட்டமடித்து, மண்ணே தெரியாமல் இருந்தால், அது நெடுநாள் அந்தப் பையிலேயே கிடந்தது என்று பொருள். புதர்ச்செடியானால் பக்கவாட்டில் கத்தியால் நான்கு கீறல் போட்டுப் பிரித்து நடலாம். மரக்கன்றில் அப்படி இருந்தால் வாங்கவே வேண்டாம், ஏனென்றால் அந்தச் சுருள் வேர் தடித்துப் பின்னாளில் தன் அடிமரத்தையே நெரிக்கும்; பத்து ஆண்டு கழித்து ஒரு புயலில் மரம் ஏன் குடையோடு சாய்ந்தது என்பது அப்போதுதான் தெரியும்.

தொட்டியும் எடையும்

தரையில் இடமில்லாதவர்களுக்கே தொட்டி. மண்தொட்டியின் சுவர் வழியே ஈரம் ஆவியாவதால் வேர் குளிர்ச்சியாக இருக்கும். அதே காரணத்தால் மே மாதத்தில் நாளுக்கு இரண்டு முறை தண்ணீர் கேட்கும். புதுத் தொட்டியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவிடாமல் செடி வைத்தால், ஊற்றும் தண்ணீரைத் தொட்டியே குடித்துவிடும். சிமெண்ட் தொட்டியில் முதல் சில நாட்கள் தண்ணீர் நிரப்பி, கொட்டி, நிரப்பிச் சுண்ணாம்பைக் கழுவ வேண்டும். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி மேற்கு வெயிலில் கொதிக்கும். நிழலுக்கு அது போதும். பளபளக்கும் பீங்கான் தொட்டிகளில் பலவற்றுக்கு அடியில் துளையே இருக்காது, துளை இல்லாததை வாங்காதீர்கள். வயிறு பெருத்து வாய் குறுகிய ஜாடி வடிவத் தொட்டி பார்க்க அழகு. இரண்டு ஆண்டு கழித்துச் செடியை மாற்ற முயலும்போது, தொட்டியை உடைப்பதா, வேரை அறுப்பதா என்ற நிலை வரும்.

அளவைப் பொறுத்தவரை, குண்டுமல்லிக்கும் இட்லிப்பூவுக்கும் 14 முதல் 16 அங்குலம், சிறிதாக அடக்கி வளர்க்கும் பவழமல்லிக்கு 24 அங்குலம் வேண்டும். சின்னக் கன்றைப் பெரிய தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண் ஈரத்திலேயே கிடந்து புளித்துவிடும். ஆகவே இரண்டிரண்டு அங்குலமாகக் கூட்டிப் போவதே சரி.

மொட்டை மாடிக்காரர்கள் வாங்கும் முன் எடைக்கணக்குப் போட வேண்டும். 16 அங்குல விட்டமும் அதே உயரமும் உள்ள நேர்ச்சுவர்த் தொட்டியில் சுமார் 50 லிட்டர் மண் பிடிக்கும். நனைந்த செம்மண்ணாக இருந்தால் அதுவே 80 கிலோவைத் தொடும். ஆட்கள் ஏறிப் புழங்கும் மாடிக்கு ஐஎஸ் 875 என்ற இந்தியத் தரநிலை வைக்கும் பாரக்கணக்கு சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவே. ஆக, ஒரு சதுர மீட்டரில் இப்படி இரண்டு தொட்டி வைத்தாலே கணக்கு முடிந்துவிடும். பெரிய தொட்டிகளைச் சுவரும் உத்தரமும் செல்லும் கோட்டின் மேலேயே வையுங்கள், நடுத்தளத்தில் கூட்டமாக வைக்காதீர்கள். செம்மண், மட்கிய எரு, கழுவிய தேங்காய் நார்த்தூள் மூன்றையும் சமமாகக் கலந்தால் எடை 60 கிலோவுக்குள் அடங்கும். நார்த்தூளைக் கழுவாமல் போட்டால் அதில் உள்ள உப்பு இலை நுனியைக் கருக்கும்.

அடியில் ஜல்லி பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். நானும் பல ஆண்டுகள் செய்தேன். மென்மையான மண்ணிலிருந்து சொரசொரப்பான ஜல்லிக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. மண்ணின் கடைசி இரண்டு மூன்று அங்குலம் நீர் நிறைந்தே நிற்கும். ஜல்லி போட்டால் அந்த ஈர அடுக்கு வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். துளையின் மேல் ஓர் ஓட்டுச்சில்லைக் கவிழ்த்து வைத்தால் போதும். தொட்டியை மூன்று செங்கல் துண்டுகளின் மேல் தூக்கி வையுங்கள், தளத்தில் நீர் தேங்காது. அடித்தட்டு வைப்பவர்கள் வாரம் ஒரு முறை தவறாமல் கவிழ்த்துக் கொட்டித் தேய்க்க வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர நம் வெக்கையில் ஏழெட்டு நாள் போதும்.

நடும் பருவமும் முதல் ஆண்டும்

ஆடிக் கடைசியிலிருந்து புரட்டாசிக்குள் நட்டுவிட்டால், வடகிழக்குப் பருவமழைக்குள் வேர் பிடித்துவிடும். தவறவிட்டால் தை மாதம் வரை பொறுங்கள். மரத்துக்கு இரண்டடிக்கு இரண்டடி, இரண்டடி ஆழத்தில் குழி வெட்டி, ஒரு வாரம் காயவிட்டு, வெட்டிய மண்ணோடு பழைய எருவைக் கலந்து நிரப்பி, பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நடுங்கள். ஒட்டுச்செடியில் ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும்; அதற்குக் கீழிருந்து கிளம்பும் துளிர்களைக் கிள்ளிவிடாவிட்டால், ஒட்டு பட்டுப்போய் அடிச்செடியே வளரும். ஐப்பசி, கார்த்திகைப் புயலுக்கு முன் இருபுறமும் இரண்டு கழி நட்டு, பழைய துணியால் எட்டுப்போல் வளைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். ஓராண்டு கழித்துக் கழிகளை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அடிமரம் தடிக்காது. கோடையில் தினமும் மேலோட்டமாகத் தெளிப்பதைவிட, வாரத்தில் இரண்டு மூன்று முறை ஆழமாக ஊற்றி, தண்டிலிருந்து ஒரு கை தள்ளிச் சருகு மூடாக்கு போடுவது பயன் தரும்.

மல்லிகைகளை முதல் ஆண்டு விட்டுவிட்டு, இரண்டாம் ஆண்டு முதல் கவாத்து செய்யலாம். குண்டுமல்லியை நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடிக்குச் சற்று மேலே, ஜாதிமல்லியை டிசம்பர் கடைசியில் ஒன்றரை அடியில், முல்லையை ஜனவரி கடைசியில் அதே உயரத்தில் வெட்டுவது நம் மாநிலத்துப் பூ விவசாயிகளின் வழக்கம். வெட்டிய பின் எல்லா இலையையும் உருவிவிட்டு, அடியுரம் வைத்துத் தண்ணீர் ஊற்றினால், மாசி, பங்குனியில் புதுக்கிளைகளின் நுனியில் மொட்டு கட்டத் தொடங்கும்.